இடது மூலைக் கசிவு

ஜூன் 14, வெள்ளி

வந்து சேர்ந்தேன். பேருந்து நிற்குமிடத்திலிருந்து லாக்கு வரை நடைதான். வழி முழுவதும் உப்பளம். வெயிலில் தரையும் வானமும் ஒரே வெள்ளை. எதிரில் வந்த சைக்கிள்காரர் தண்ணீர்மேல் மிதித்து வருவதுபோலத் தெரிந்தார். கிட்டே வந்ததும் தரையில்தான் வந்தார்.

லாக்கு பெரிய சூட்சுமம் இல்லை. ஆறு கடலைச் சேருமிடத்தில் குறுக்கே ஷட்டர் சுவர். மேலே நல்ல தண்ணீர், கீழே உப்புத் தண்ணீர். மட்டம் வேறு வேறு. படகு ஏறி இறங்க ஓரத்தில் நீளமாக ஒரு கல் தொட்டி. அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் இரட்டை இரும்புக் கதவு. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி நீரை ஏற்றினால் படகும் ஏறும். அவ்வளவுதான்.

புயல் வந்தால் கடல் படகுகள் உள்ளே ஒதுங்க இதை விட்டால் வழியில்லை. கதவு நகர்ந்து நாலு வருடமாகிறது. போன புயலில் வெளியே மாட்டிய படகுகளின் பலகைகள் இன்னும் கரையில் கிடக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன்னால் எங்கள் கம்பெனி பழுதுபார்த்து ஓட்டிக் காட்ட வேண்டும்.

மேலாளர் சுந்தரேசன் போனில் சொன்னார்: புகார் இல்லாமல் முடித்தால் அடுத்தது சென்னைச் சுரங்கப்பாதை வேலை, என் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறார். இங்கே ஒரு நாள் கூட அதிகமாக இருக்கப் போவதில்லை.

ஜூன் 16, ஞாயிறு

ஆய்வு. கதவு நின்று சுழலும் அடிக்குமிழ் தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பல்சக்கரங்கள் துருவில் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிட்டன. ரப்பர் விளிம்பு என்று எதுவும் மிச்சமில்லை. யாரோ கதவு இடுக்கில் கோணிப்பையைத் திணித்திருக்கிறார்கள்.

திணித்தவர் பக்கிரிசாமி. லாக்கை இயக்கும் அரசு ஊழியர். நாலு வருடமாக இயக்க ஒன்றும் இல்லாததால் மீன் பிடிக்கிறார். மேல்முனையின் வலது கதவை மாப்பிள்ளை என்றும் இடதைப் பொண்ணு என்றும் சொல்கிறார். இரண்டும் பேசிக்கொள்வதில்லையாம், நான்தான் சேர்த்து வைக்க வேண்டுமாம்.

இந்தக் கதவுகள் நேர்கோட்டில் மூடுவதில்லை. மேல்நீரை எதிர்த்து இரண்டும் கூம்பாக முட்டிக்கொண்டு நிற்கும். தாழ்ப்பாள் கிடையாது. நீரின் எடைதான் தாழ்ப்பாள். இருபக்கமும் நீர் சமமானதும் பிடி தானாகத் தளர்ந்துவிடும். இது எனக்குப் பிடித்திருந்தது.

குறை: மேல்கதவின் இடது மூலைக் கல்லில் மூட்டு விட்டிருக்கிறது. அதன் வழியே நல்ல தண்ணீர் புகுந்து கரைப்பக்கம் ஒரு குழியில் ஊறுகிறது. கல்லெல்லாம் பாசி, பெரணி. குழிக்கு அப்பால் தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ் வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி, குச்சியில் நாலு இலை. யாரோ லாக்கு நிலத்தை ஒட்டி நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார்கள். வேலை முடியும்போது மூலைக்குள் சிமெண்ட் பால் செலுத்தி அடைத்துவிட வேண்டும்.

ஜூன் 20, வியாழன்

தொட்டியின் இரு முனையிலும் தடுப்புப் பலகைகள் இறக்கி உள்ளிருந்த நீரை வெளியேற்றினோம். ஏணியில் இறங்கினேன்.

கீழே வேறு பருவம். சுவர் முழுக்கச் சிப்பி. மேலே பார்த்தால் வானம் நீளமாக வெட்டி எடுத்த ஒரு துண்டு. அதில் ஒரு கூழைக்கடா இந்த ஓரத்தில் நுழைந்து அந்த ஓரத்தில் மறைய வெகுநேரம் எடுத்துக்கொண்டது. சேற்றில் ஒரு நங்கூரம், செருப்புகள், உடையாத ஒரு மண்கலயம். எத்தனை படகுகள் என் தலைக்கு மேலே போயிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் வெல்டர்கள் வந்துவிட்டார்கள்.

ஜூன் 22, சனி

பண்ணைக்காரி வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். ஏணி உச்சியில் நின்றுகொண்டு, நான் கீழே இருக்க, மேலிருந்தே பேசினாள். குழியில் ஊற்று நின்றுவிட்டதாம். தடுப்புப் பலகைக்கு அப்பால் நீர் நிற்கிறது, மூலைக்கு வராது, இது எளிய விஷயம் என்றேன். எளிய விஷயம் என்றால் நீங்களே வந்து என் முல்லைக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்றாள்.

பெயர் தையல்நாயகி. குச்சிகள் முல்லைப் பதியன்கள். கிளையை நறுக்கி மண்பையில் ஊன்றி வேர்விட வைப்பது. மழை தொடங்கியதும் சுற்று ஊர்களுக்குப் போகும். புயலில் போன தோட்டங்களை எல்லாரும் திரும்ப வைக்கிறார்களாம்.

ஆறு பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு மோட்டாரும் குழாயும் போட்டால் தீர்ந்தது, கசிவை நம்பிப் பண்ணை வைப்பது முட்டாள்தனம் என்றேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. நிதானமாகச் சொன்னாள்:

"கொழா போட்டா திருட்டுங்கறாக. மனு குடுத்து ரெண்டு வருசமாச்சு. கசிஞ்சு வந்தா யாரும் எதுவும் கேக்குறதில்ல. சட்டம் ஒங்க பக்கத்து ஆளுவ எழுதுனதுதான சார், எனக்கு ஏன் சொல்றிய?"

எத்தனை நாளில் திறப்பீர்கள் என்றாள். ஆடி முடிய ஆகும் என்றேன். போய்விட்டாள்.

ஜூன் 24, திங்கள்

சைக்கிளில் இருபக்கமும் குடம் கட்டி மேல்துறையிலிருந்து நீர் கொண்டுபோகிறாள். கிரேன் வரும் வழி அது. மூன்று முறை சத்தம் போட்டேன். மணியடித்துவிட்டுப் போகிறாள்.

ஜூன் 26, புதன்

தொட்டித் தரையில் ஊறும் நீரைப் பம்பு ஓயாமல் வெளியேற்றுகிறது. குழாயின் வாயைக் கரைக் குழிப் பக்கம் திருப்பி வைத்தேன். கீழ்ப்பக்கம் விட்டால் லாரி வரும் தடம் சேறாகிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு இல்லை. மேல்பலகையில் ஒழுகுவதுதான் அதிகம் வருகிறது.

சைக்கிள் தொல்லை விட்டது.

ஜூலை 4, வியாழன்

இடது கதவைக் கிரேன் தூக்கிவிட்டது. சங்கிலியில் தொங்கும்போது காற்றில் மெல்லத் திரும்பியது. அத்தனை டன் இரும்பு, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல. எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நானும்.

பந்தலுக்குள் போனேன். நிழல் அங்கேதான் இருக்கிறது. வரைபடம் விரிக்கத் தோதான இடம். தாய்க்கொடிகள் கம்பியில் ஓடுகின்றன. மாலை நாலு மணிக்கு மொட்டுகள் வெள்ளையாகின்றன, யாரோ விளக்கு போடுவதுபோல ஒவ்வொன்றாக. வாசனை அதிகம். தலைவலிக்கும் என்று நினைத்தேன்.

அவள் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இவளுக்கும் இடம் பார்த்து வைத்திருக்கிறானாம். இந்தப் பருவம் பதியன் தேறிவிட்டால் இங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் அங்கே போய்விடச் சொல்லி வீட்டில் முடிவாகிவிட்டது. நல்லதுதான், நிலையான சம்பளம், நேரத்துக்கு வேலை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் பதியன் ஒன்றை எடுத்து அடியில் எட்டிப்பார்க்கும் வேரைக் காட்டினாள். நூல்போல வெள்ளையாக இருந்தது.

"இத பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க."

பார்த்தேன். சொன்னது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அப்போது சொல்லவில்லை.

ஜூலை 11, வியாழன்

புது அடிக்குமிழ் வந்தது. அளவு தவறு. திருப்பி அனுப்பினேன். போனில் பத்து நிமிடம் கத்தினேன். மதியம் தொட்டிக்குள் நிழலில் படுத்தேன். பம்பின் ஓசை, நீர் சொட்டும் ஓசை. விழித்தபோது எந்த ஊரில் இருக்கிறேன் என்று தெரிய நேரமாயிற்று. அப்படி இருப்பது மோசமாக இல்லை.

ஜூலை 22, திங்கள்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஞாயிறு, வேலை இல்லை. பக்கிரிசாமி விடுப்பு. தையல்நாயகி மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கப் போய்விட்டாள். பம்பு தானாக ஓடும், நீர் ஏறினால் தானே போட்டுக்கொள்ளும், ஆள் தேவையில்லை. நான் தூங்கினேன். கனவில் தொட்டித் தரையில் நிற்கிறேன், நீர் ஏறுகிறது, ஒரு சத்தமும் இல்லை, முழங்கால், இடுப்பு, பயமே இல்லை, ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று மட்டும் தெரிகிறது.

எழுந்து வந்து பார்த்தால் தொட்டியில் உண்மையிலேயே முழங்கால் நீர். பௌர்ணமி ஓதம். கடல் ஏறிக் கீழ்ப்பலகை இடுக்கெல்லாம் பீய்ச்சியிருக்கிறது. விடிந்ததிலிருந்து பம்பு கடலை எடுத்து அவள் குழியில் ஊற்றியிருக்கிறது. குழி நிரம்பி வழிந்து பள்ளத்துப் பாத்திகளில் பாய்ந்து நின்றது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். வைத்துப் பார்த்திருக்கவே தேவையில்லை.

நான் பிறந்தது மேட்டூர். அணையைப் பார்த்து வளர்ந்தவன். எங்கள் ஊரில் தண்ணீர் மேலிருந்து கீழே போகும். திரும்பி வராது.

பௌர்ணமி பற்றி ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று இன்று பக்கிரிசாமியிடம் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"பொழுது விடியும்னு யாராச்சும் சொல்லுவாகளா சார்?"

ஜூலை 24, புதன்

இலை ஓரம் கருகத் தொடங்கிவிட்டது. போய் நின்றேன். தவறு என்னுடையது, பம்புடையது இல்லை, என்றேன். அவள் கருகிய பைகளைத் தனியாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஏசுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன், ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"மேட்டூருக்காரவுகளுக்கு தண்ணி ஒரு பக்கந்தான் போவும்னு நெனப்பு" என்றாள் கடைசியில். "மூணுல ஒரு பங்கு போச்சு. மிச்சம் நின்னா நிப்பேன். இல்லன்னா தீவாளி திருப்பூர்லதான்."

மீதிப் பைகளில் ஏறிய உப்பை இறக்க நல்ல நீர் ஊற்றி ஊற்றி வடிக்க வேண்டும். கணக்குப் போட்டேன். ஒரு ஆளால் முடியாது.

ஜூலை 28, ஞாயிறு

உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு கனத்துவிட்டது. மேல்துறையிலிருந்து குடம் தூக்கினேன். நல்ல பயிற்சி.

வழியில் பார்த்த பக்கிரிசாமி, இஞ்சினீயர் வேலைக்கு இப்போது இதுவும் படிக்கிறார்களா என்று கேட்டார். தோளில் துண்டு வைத்துத் தூக்கினால் காய்த்துப்போகாது என்று அவள் சொன்னாள். சாயங்காலம் மொட்டு வெளுக்கும் நேரத்தில் டீ கொடுத்தாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

குடம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

குடம். தூறல். பைகளில் புதுத் துளிர். எண்ணவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

கீழ்முனைக் கதவுகள் போன வாரமே தயார், இன்று மேல்முனைக் கதவு இரண்டும் குமிழில் உட்கார்ந்துவிட்டன. ஒரு விரலால் தள்ளினேன், நகர்ந்தது. மிகைப்படுத்தவில்லை, ஒரு விரல். புதுப் பல்சக்கரம், மோட்டார், புது ரப்பர் விளிம்பு.

தடுப்புப் பலகைகளை எடுத்தோம். மேல்நீர் வந்து கதவில் சாய்ந்தது. மாப்பிள்ளையும் பொண்ணும் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்கள், நடுக்கோட்டில் ஒரு சொட்டு இல்லை. பக்கிரிசாமி கதவுக்குக் குங்குமம் வைத்தார். ரப்பரில் படாமல் வைக்கச் சொன்னேன்.

சற்று நேரத்தில் இடது மூலையில் பழைய ஓசை தொடங்கியது. யாரோ பக்கத்து அறையில் மெதுவாகப் பேசுவதுபோல. குழியில் நீர் கலங்கி, பிறகு தெளிந்தது. கேட்டுக்கொண்டே நின்றேன். இத்தனை நாள் எது இல்லாமல் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இன்று மூலையை அடைத்திருக்க வேண்டும். சிமெண்ட் மூட்டையில் ஈரம் ஏறியிருக்கலாம் என்று தோன்றியது. ஒத்தி வைத்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

புது சிமெண்ட் வந்தது. செலுத்தும் இயந்திரத்தின் குழாயில் அடைப்பு. ஒத்தி வைத்தேன்.

அடைப்பு இருந்ததா என்று வெல்டர் கேட்டான். என் வேலையில் தலையிட வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 12, வியாழன்

பொதுப்பணித் துறையிலிருந்து உதவிப் பொறியாளர் அம்மா வந்தார். குறைந்த பேச்சு, கூர்மையான கண்.

ஒரு மீன்படகைக் கீழிருந்து உள்ளே விட்டோம். கதவு மூடியது. நீர் ஏறத் தொடங்கியது. சத்தமில்லை. படகுக்காரர் சும்மா நின்றிருந்தார், துடுப்பைத் தொடவில்லை. படகு, அவர், கூடையில் மீன், அவர் வாயில் பீடி எல்லாம் அப்படியே சுவரோரமாக எழுந்து வந்தன. முதலில் தலை, பிறகு தோள், பிறகு எங்களுக்கு நேராக அவர் முகம். என் கனவில் வந்தது இதுதான் என்று நினைத்தேன். இருபக்கமும் நீர் சமமானது. கதவுகள் தளர்ந்து விலகின. கரையில் நின்ற மீனவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அம்மாவுக்குத் திருப்தி. அப்புறம் இடது மூலையைப் பார்த்தார். குனிந்து கேட்டார்.

"இது என்ன?"

சுவருக்குப் பின்னால் நீரழுத்தம் சேராமல் வடிவதற்கான வழி, அடைத்தால் கல் வெடிக்கலாம் என்றேன்.

"வரைபடத்துல இல்லையே."

"வரைபடம் பழசு மேடம்."

அவர் குழியைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், பந்தலுக்குள் குனிந்து நீர் தெளித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். என் தோளில் துண்டு இருந்தது. வெயிலுக்காகப் போட்டிருந்தேன்.

லாக்கு தேறியது, இந்த ஒன்று மட்டும் பாக்கி, அடைத்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். எந்தத் தேதிக்குள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

சுந்தரேசன் அழைத்தார். பாராட்டினார். வியாழக்கிழமை சென்னையில் சேர வேண்டும். மூலைக் கசிவுக்கு ஓர் ஆளை அனுப்புகிறார். அரைநாள் வேலை, அடைத்துவிட்டு வந்துவிடுவான்.

அரைநாள் வேலை என்பது சரிதான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். எனக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

சுந்தரேசனிடம் விளக்கினேன். அந்த மூலை சிக்கலானது. கல்லுக்குள் நீர் போகும் பாதை தெரியாமல் சிமெண்ட் செலுத்தினால் கதவின் நிலைக்கே ஆபத்து. மழைக்காலம் முழுக்க ஓதத்தோடும் வெள்ளத்தோடும் சேர்த்து ஒருவர் கவனிக்க வேண்டும். புது ஆளுக்குப் புரியாது. கதவைப் பராமரிக்க எப்படியும் ஓர் ஆள் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

"பூபதி, சென்னை வேலை வேற ஆளுக்குப் போயிடும். திரும்ப வராது. தெரிஞ்சுதான் பேசறியா?"

தெரியும் என்றேன்.

"ஒரு சொட்டுத் தண்ணிக்கா?"

தொழில்நுட்பக் காரணங்களை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பாதியில் போனை வைத்துவிட்டார்.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை தொடங்கிவிட்டது. கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்னதால் நேற்றும் இன்றும் படகுகள் வரிசையாக ஏறி உள்ளே வந்தன. பக்கிரிசாமிக்கு மீன் பிடிக்க நேரமில்லை, என்னைத் திட்டுகிறார்.

நவம்பர் 6, புதன்

வானம் வெளுத்திருக்கிறது. பதியன்கள் இன்று புறப்பட்டன. தீபாவளி போய்விட்டது, அவள் திருப்பூர் போகவில்லை. சாலை சேறு, லாரி வராது. படகில் கீழே இறக்கிக் கழிமுகம் வழியாகத் தெற்கே கொண்டுபோகிறார்கள். படகு நிறையக் கறுப்புப் பைகள், மேலே ஒரே பச்சை. நடுவில் அவள் நிற்க இடம் விட்டு அடுக்கியிருந்தாள்.

மேல்கதவைச் சாத்தினேன். நானேதான் இயக்கினேன். நீர் இறங்கத் தொடங்கியது. பச்சை மெல்லத் தாழ்ந்தது. பனி இன்னும் கலையவில்லை. தொட்டி ஒரு தோட்டத்தை விழுங்குவதுபோல இருந்தது. இருப்பது போதாதென்று வாசனை வேறு, மொட்டு ஒன்றுகூட இல்லாமல். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அவள் கண் என் காலுக்கு நேரே வந்தபோது நிமிர்ந்து கேட்டாள். அடுத்த பருவத்துக்குக் கிளை நறுக்கியாகிவிட்டது, மூலையை எப்போது அடைப்பதாக உத்தேசம்?

கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"எத்தன நாளைக்கிக் கவனிப்பிய?"

அதை இப்போதே சொல்ல முடியாது, கல்லுக்குள் இருக்கும் விஷயம் என்றேன். அவள் சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டாள். படகு இன்னும் இறங்கியது. சமமானதும் கீழ்க்கதவுகள் தளர்ந்து தானாக விலகின.

சாயங்காலம் திரும்பி வருவாள். மேலே ஏற்ற ஆள் வேண்டும்.

இடது மூலைக் கசிவு: தொடர்கிறது.